வீட்டு கேட்வேல 83 ஃபயர்வால் ரூல் சேர்ந்துபோச்சு, எதை வெச்சுக்கறது எதை தூக்கறது?

காவேரிக்கரை:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுமையா படிச்சுட்டு சொல்லுங்க. 2018ல இருந்து வீட்ல ரெண்டு லேன் போர்ட் இருக்கற ஒரு சின்ன பிசியைத்தான் கேட்வேயா, அதாவது வீட்டு நெட் மொத்தமும் போய் வர்ற வாசலா, ஓட்டிட்டு இருக்கேன். ஓஎன்டி, அதான் கம்பெனி கொடுத்த ஃபைபர் பெட்டி, பிரிட்ஜ் மோட்ல சும்மா கடத்தி மட்டும் விடுது, பிபிபிஓஇ டயல் பண்றது, அதாவது கம்பெனிகிட்ட லாகின் ஆகி லைன் எடுக்கறது, இந்த பெட்டிதான், இப்ப டெபியன் 12 லினக்ஸ் போட்டிருக்கு. உள்ள லேன்ல, அதான் வீட்டு நெட்வொர்க்ல, லேப்டாப், போன், டிவி, பிரிண்டர். தனியா பிரிச்சு வெச்ச விலேன் 20ங்கற நெட்வொர்க்ல நாலு கேமராவும், அதைப் பதிவு பண்ற ஒரு என்விஆரும். கேமரா பக்கம் புது வகை அட்ரஸான ஐபிவி6 கொடுக்கல, லேனுக்கு மட்டும் இருக்கு.

பிரச்சனை என்னன்னா ஐபிடேபிள்ஸ்ல (எந்த பாக்கெட்டை விடணும் எதை நிறுத்தணும்னு பார்க்கற லினக்ஸ் ஃபயர்வால்) ஐபிவி4க்கு ஒண்ணு, ஐபிவி6க்கு ஒண்ணுன்னு ரெண்டு ஸ்கிரிப்ட் வெச்சிருக்கேன், அதுல ஏதாவது ஒண்ணு ஓடலைன்னா ஒரு லைன் சேர்ப்பேன், அப்புறம் அது எதுக்குன்னு மறந்துபோகும், தூக்கவும் பயம். இப்படியே ஐபிவி4க்கு 61, ஐபிவி6க்கு 22, ஆக மொத்தம் 83 ரூல். நேத்து உக்காந்து ஒவ்வொண்ணா படிச்சேன், 41வது ரூல் 192.168.1.50க்கு போர்ட் ஃபார்வர்ட் பண்ணுது, அதாவது வெளில இருந்து வர்றதை அங்க திருப்பி விடுது, அந்த ஐபில இருந்த நாஸ் பெட்டி (ஃபைல் சேமிக்கறது) செத்து மூணு வருஷம் ஆச்சு.

இது சும்மா அழகுக்காக கேக்கல. வீட்ல மனைவி ஸ்கூல் டீச்சர், போர்ட்டல்ல மார்க் ஷீட் பிடிஎஃப் ஏத்தணும், பேஜ் நல்லா திறக்குது லாகின் ஆகுது, ஆனா அப்லோட் கொடுத்தா 5 சதவீதத்துல அப்படியே நின்னுடுது. போன்ல மொபைல் டேட்டா போட்டு ஏத்தினா உடனே போயிடுது. எல்லா சைட்லயும் இல்ல, சிலதுல மட்டும். ராத்திரி 11 மணிக்கு அவங்க ஹாட்ஸ்பாட் போட்டு வேலை பார்க்கறத பாக்கவே கஷ்டமா இருக்கு. இன்னொண்ணு, ஊர்ல இல்லாதப்ப கேமரா பார்க்க ஆறு போர்ட் ஃபார்வர்ட் போட்டிருக்கேன், ஒண்ணுகூட வேலை செய்யல.

முழுசா அழிச்சுட்டு புதுசா எழுதலாமா, இல்ல இதையே கொஞ்சம் கொஞ்சமா கழிக்கலாமா?

பாக்கெட்_பாண்டி:

தம்பி, முதல்ல அழிக்காதீங்க, அந்த 83லயும் உங்க வீட்டைப் பத்தின தகவல் இருக்கு. ஐபிடேபிள்ஸ்ல ஒவ்வொரு ரூலுக்கும் எத்தனை பாக்கெட் அடிச்சிருக்குன்னு கவுண்டர் இருக்கும், லிஸ்ட் பண்றப்ப மைனஸ் வி போட்டா வரும். அதை எடுத்து போடுங்க, பெட்டி எத்தனை நாளா ரீபூட் ஆகாம ஓடுதுன்னும் சொல்லுங்க. கூடவே பிபிபி0க்கு, அதான் டயல் ஆனதும் வர்ற வெளி இன்டர்ஃபேஸுக்கு, என்ன ஐபிவி4 அட்ரஸ் வந்திருக்கு, முதல் ரெண்டு நம்பர் மட்டும் போதும். இந்த பெட்டில தானா ரூல் சேர்க்கற டாக்கர் ஏதாவது ஓடுதா?

காவேரிக்கரை:

அண்ணா உடனே பதில் சொன்னதுக்கு நன்றி. 19 நாளா ஓடுது, 83ல 57 ரூலுக்கு கவுண்டர் பூஜ்ஜியம். ஏற்கனவே நடக்கற பேச்சை விடற எஸ்டாப்ளிஷ்ட் ரிலேட்டட் அக்செப்ட் ரூலுக்கு மட்டும் கோடிக்கணக்குல போகுது. ஐபி 100.81ல ஆரம்பிக்குது. டாக்கர் இல்ல, விளம்பரம் தடுக்கற பை-ஹோல்கூட வேற பெட்டிலதான்.

பாக்கெட்_பாண்டி:

100.81னா உங்க கேமரா கதை அங்கயே முடிஞ்சுது தம்பி. 100.64ல இருந்து 100.127 வரைக்கும் உள்ள அட்ரஸ் எல்லாம் சிஜிநாட்டுக்குன்னு 2012லயே ஒதுக்கி வெச்சது, அதாவது உங்களுக்கும் இன்டர்நெட்டுக்கும் நடுவுல கம்பெனிக்காரன் இன்னொரு நாட் (பல பேரை ஒரே அட்ரஸ்ல வெளில அனுப்பறது) வெச்சிருக்கான், வெளியில இருந்து வர்ற கனெக்ஷன் உங்க வாசலுக்கே வராது. வராத விருந்தாளிக்கு கதவைத் திறந்து வெச்சு என்ன பண்ண, அந்த ஆறு ஃபார்வர்டும் கவுண்டர் பூஜ்ஜியமாத்தான் இருக்கும், பாத்துக்கோங்க. இதுல இன்னொரு விஷயம், நாளைக்கே உங்களுக்கு பப்ளிக் ஐபி வந்துச்சுன்னா அந்த என்விஆர் நேரா ஊருக்கே தெரியும். அதனால இன்னைக்கே தூக்குங்க.

பூஜ்ஜியம்னாலே வேண்டாதது கிடையாது, அதையும் சொல்லிடறேன். எப்பவாவது ஒரு தடவை மட்டும் வர்ற பாக்கெட் இருக்கும், 19 நாள்ல வராம இருந்திருக்கலாம். ஆனா ரெண்டு மூணு ரகம் கண்ணை மூடிட்டு எடுக்கலாம். ஒண்ணு, கடைசி ட்ராப்புக்கு கீழ இருக்கற ரூல். ஸ்கிரிப்ட்ல கீழ கீழ சேர்த்துட்டே போனா இப்படித்தான் ஆகும், மேல எல்லாத்தையும் ட்ராப் பண்ணிட்ட பிறகு கீழ அக்செப்ட்னு எழுதி பிரயோஜனம் இல்ல. ரெண்டு, எக்ஸ்மாஸ் ஸ்கேன், நல் ஸ்கேன், தப்பான ஃபிளாக் சேர்க்கைன்னு வேவு பார்க்கற தந்திரங்களை நிறுத்த பத்து பதினஞ்சு லைன் எல்லா டுடோரியல்லயும் இருக்கும். எந்தப் பேச்சுலயும் சேராததை நிறுத்தற இன்வாலிட் ட்ராப்னு ஒரு லைனும், எந்த ரூலும் விடாததை நிறுத்தற டிஃபால்ட் பாலிசி ட்ராப்பும் இருந்தா அதுக்கெல்லாம் வேலையே இல்ல. மூணு, நாடு வாரியா ஐபி பிளாக் பண்றது. உள்ள வர ஒரு கதவும் திறந்து இல்லாதப்ப யார் தட்டினாலும் ஒண்ணுதான்.

வேகமா_வந்தேன்:

ப்ரோ நாட் இருக்கறப்போ வீட்டுக்கு ஃபயர்வாலே எதுக்கு? மொத்தத்தையும் எடுத்துட்டு நாட் பண்ற மாஸ்கரேட் ஒரு லைன் மட்டும் வெச்சா போதாதா

நிலா_சர்வர்ரூம்:

வேகமா_வந்தேன், அப்படி பண்ணிடாதீங்க, இதைப் படிக்கற வேற யாரும் பண்ணிடக்கூடாதுன்னுதான் அழுத்திச் சொல்றேன். நாட் ஐபிவி4க்கு மட்டும்தான் இருக்கு. காவேரிக்கரை வீட்ல லேனுக்கு ஐபிவி6 இருக்கு, அதாவது அவர் லேப்டாப், டிவி, பிரிண்டர் ஒவ்வொண்ணுக்கும் உலகத்துல எங்க இருந்தும் எட்டக்கூடிய அட்ரஸ் இருக்கு. ஃபார்வர்ட் செயின்ல, அதான் கேட்வே வழியா கடந்து போற பாக்கெட்டுக்கான ரூல் வரிசைல, ட்ராப் இல்லன்னா அட்ரஸ் தெரிஞ்சவன் நேரா பிரிண்டர் வரைக்கும் வரலாம், நாட் நடுவுல நிக்காது.

காவேரிக்கரை, உங்க அப்லோட் விஷயத்துக்கு வர்றேன். உங்க ஐபிவி6 ரூல்ஸ்ல ஐசிஎம்பிவி6ஐ, அதான் பிங், எரர் மாதிரி தகவல் சொல்ற பாக்கெட்டை, எப்படி வெச்சிருக்கீங்க? அதோட எம்எஸ்எஸ் கிளாம்ப் ரூல், அதான் பாக்கெட் அளவை லைனுக்கு ஏத்த மாதிரி ஆரம்பத்துலயே குறைக்கறது, இருக்கா, இருந்தா ஐபிவி4 ஐபிவி6 ரெண்டுலயும் இருக்கா?

காவேரிக்கரை:

அக்கா, ஐசிஎம்பிவி6ல டைப் 133ல இருந்து 136 வரைக்கும் (ரவுட்டரையும் பக்கத்து பெட்டியையும் தேடறது) மட்டும் அக்செப்ட், மத்ததெல்லாம் ட்ராப், இன்புட், அவுட்புட், ஃபார்வர்ட் மூணு செயின்லயும் மேலயே இருக்கு. பிங் வரக்கூடாது, பெட்டி வெளில தெரியக்கூடாதுன்னு எங்கயோ படிச்சு போட்டது. எம்எஸ்எஸ் கிளாம்ப் ஐபிவி4 ஸ்கிரிப்ட்ல இருக்கு, ஐபிவி6ல இல்ல.

நிலா_சர்வர்ரூம்:

அப்ப ஆள் சிக்கிட்டான். நடக்கறது என்னன்னு ஒரு பாக்கெட்டை மட்டும் பின்னாடியே போய் பார்ப்போம்.

லேப்டாப் வைஃபைல எம்டியு, அதான் ஒரு பாக்கெட்டோட அதிகபட்ச அளவு, 1500 பைட். பிபிபிஓஇ தலைப்பு 8 பைட் சாப்பிட்டுடும், அதனால பிபிபி0ல எம்டியு 1492. உங்க மனைவி பிடிஎஃப் ஏத்தறப்ப லேப்டாப் 1500 பைட் பாக்கெட்டா அனுப்புது, கேட்வேக்கு வருது, வெளில போக இடம் பத்தல. ஐபிவி4ல நடுவுல இருக்கற ரவுட்டர் துண்டு போட்டு அனுப்ப வழி உண்டு, ஐபிவி6ல ரவுட்டர் துண்டு போடவே போடாது. அதுக்கு பதிலா பாக்கெட் டூ பிக்னு ஒரு ஐசிஎம்பிவி6, அதுதான் டைப் 2, லேப்டாப்புக்கு திருப்பி அனுப்பும், கொஞ்சம் சின்னதா அனுப்புப்பான்னு. உங்க அவுட்புட் செயின் அந்த டைப் 2ஐ ட்ராப் பண்ணுது. அதாவது கேட்வே சொல்ல வர்றதை கேட்வேயே வாயைப் பொத்திக்குது. லேப்டாப் அதே 1500ஐ திரும்பத் திரும்ப அனுப்பிட்டு காத்துட்டே இருக்கு. பேஜ் திறக்கறதும் லாகினும் சின்ன பாக்கெட், அதனால அது போயிடுது. சில சர்வர் ஆரம்பத்துலயே சின்ன எம்எஸ்எஸ் சொல்லிடும், அந்த சைட்ல எல்லாம் பிரச்சனை வராது.

ரிலேட்டட் அக்செப்ட் ரூல் மேல இருந்து, ஐசிஎம்பி ட்ராப் கீழ இருந்திருந்தாகூட தப்பிச்சிருப்பீங்க, ஏன்னா இந்த எரர் மெசேஜ் ரிலேட்டட்னு கணக்காகும். உங்களுது தலைகீழா இருக்கு. ஐசிஎம்பிவி6ஐ மறைச்சு வெச்சு கிடைக்கற பாதுகாப்பு ஒண்ணும் பெருசா இல்ல. ஐபிவி6 ஓடறதே அதை நம்பித்தான், எதை விடணும் எதை நிறுத்தலாம்னு 2007லயே ஆர்எஃப்சி 4890னு தனியா ஒரு ஆவணமே எழுதியிருக்காங்க.

காவேரிக்கரை:

அக்கா அந்த ட்ராப்பை மூணு செயின்லயும் கமென்ட் பண்ணிட்டு உடனே டெஸ்ட் பண்ணேன். 14 எம்பி பிடிஎஃப், முதல் தடவையே போயிடுச்சு. மனைவி பக்கத்துல நின்னு பார்த்துட்டு இருந்தாங்க. ரெண்டு வருஷமா சைட்டுதான் மோசம்னு நினைச்சுட்டு இருந்தோம். ரொம்ப ரொம்ப நன்றி.

இனி மிச்சத்தை முறைப்படி பண்ணணும், எங்க இருந்து ஆரம்பிக்கறது?

நிலா_சர்வர்ரூம்:

ரொம்ப சந்தோஷம். இப்ப பழைய ஸ்கிரிப்ட்டை மூடி வெச்சுட்டு ஒரு பேப்பர் எடுங்க. போர்ட் நம்பர் ஒண்ணும் எழுத வேண்டாம். யார் யார்கிட்ட முதல்ல பேச ஆரம்பிக்கலாம், அது மட்டும்தான். லேன், கேமரா, இன்டர்நெட், கேட்வேங்கற பெட்டி, வெளில இருந்து வர்ற நீங்க, இவ்வளவுதான் ஆளுங்க. லேன் இன்டர்நெட்கிட்ட பேசலாம். லேன் கேமராகிட்ட பேசலாம். கேமரா, கேட்வேகிட்ட ஐபியும் டைமும் கேட்கறது தவிர, யார்கிட்டயும் தானா பேச ஆரம்பிக்கக்கூடாது. இன்டர்நெட் யார்கிட்டயும் ஆரம்பிக்கக்கூடாது, நீங்க வெளில இருந்து வர்ற விபிஎன்னான வயர்கார்டு தவிர. பதில் சொல்றதுக்கு தனியா ரூல் வேண்டாம், நடக்கற பேச்சையெல்லாம் ஞாபகம் வெச்சுக்கற கான்ட்ராக் பாத்துக்கும். உங்க 83ல பாதி, போன பாக்கெட்டுக்கு வர்ற பதிலை உள்ள விட எழுதினதா இருக்கும், நான் ஆரம்பத்துல எழுதினதெல்லாம் அப்படித்தான் இருந்துச்சு.

இதை ஐபிடேபிள்ஸுக்கு அடுத்து வந்த என்எஃப்டேபிள்ஸ்ல எழுதுங்க. உங்க டெபியன்ல ஐபிடேபிள்ஸ்னு நீங்க கூப்பிடறதே உள்ள என்எஃப்டேபிள்ஸ்லதான் போய் உக்காருது, டெபியன் 10ல இருந்தே அப்படித்தான். ஐநெட்னு ஒரு டேபிள் போட்டா ஐபிவி4 ஐபிவி6 ரெண்டுக்கும் ஒரே ரூல், ரெண்டு ஸ்கிரிப்ட்ல ஒண்ணுல எம்எஸ்எஸ் இருந்து இன்னொண்ணுல விட்டுப்போற கதையே வராது.

இன்புட் செயின் (கேட்வேக்கே வர்றது), பாலிசி ட்ராப். எஸ்டாப்ளிஷ்ட் ரிலேட்டட் அக்செப்ட், இன்வாலிட் ட்ராப், லோ இன்டர்ஃபேஸ் (பெட்டி தன்கிட்டயே பேசறது) அக்செப்ட், ஐசிஎம்பி ரெண்டு வகையும் அக்செப்ட், லேன்ல இருந்து வர்றது அக்செப்ட், கேமரா விலேன்ல இருந்து யுடிபி 67ம் (ஐபி கேட்க) 123ம் (டைம் கேட்க) மட்டும், பிபிபி0ல இருந்து யுடிபி 546, கடைசியா வயர்கார்டு போர்ட். அந்த 546ஐ மறந்துடாதீங்க, அது கம்பெனி உங்களுக்கு ஐபிவி6 கொடுக்கற டிஎச்சிபிவி6 பதில். கேட்கறது மல்டிகாஸ்ட்ல, அதாவது ஒரு குழு அட்ரஸுக்கு, போகும், பதில் வேற அட்ரஸ்ல இருந்து வரும், கான்ட்ராக்குக்கு அது பதில்னே புரியாது. இது பாண்டி அண்ணன் சொன்ன எப்பவாவது வர்ற ரகம். தூக்கினா ஐபிவி6 அன்னைக்கே போகாது, லீஸ் முடியற அன்னைக்குத்தான் போகும், காரணமே புடிபடாது.

ஃபார்வர்ட் செயின், இதுவும் பாலிசி ட்ராப். முதல் லைன் எம்எஸ்எஸ் கிளாம்ப், அது எஸ்டாப்ளிஷ்ட்டுக்கு மேல இருக்கணும். கனெக்ஷனை ஆரம்பிக்கற சின் பாக்கெட் புதுசுன்னு கணக்கு, ஆனா திரும்பி வர்ற சின்-ஆக் எஸ்டாப்ளிஷ்ட்னு கணக்கு, கீழ வெச்சா அது கிளாம்ப்பை பார்க்காமலே தாண்டிப் போயிடும். அப்புறம் எஸ்டாப்ளிஷ்ட், இன்வாலிட், லேன்ல இருந்து பிபிபி0, லேன்ல இருந்து கேமரா, வயர்கார்டுல இருந்து லேனும் கேமராவும், ஐசிஎம்பிவி6. நாட்ல மாஸ்கரேட் ஒரே லைன். எண்ணிப் பாருங்க, 16 வருது.

பாக்கெட்_பாண்டி:

நல்லா சொன்னீங்கம்மா. தம்பி, ஏத்தறதுக்கு முன்னாடி ரெண்டு பழக்கம். என்எஃப்டி மைனஸ் சி மைனஸ் எஃப் கொடுத்தா ஏத்தாம சரியான்னு மட்டும் பார்க்கும். ஏத்தறப்பவும் ஃபைல் மொத்தமா ஏறும் இல்ல ஒண்ணுமே ஏறாது, ஐபிடேபிள்ஸ் ஸ்கிரிப்ட் மாதிரி பாதில நின்னு அந்தரத்துல விடாது. அதுக்கு ஃபைல் தலையில ஃப்ளஷ் ரூல்செட் இருக்கணும், இல்லன்னா பழசு மேல புதுசு ஏறி ரெட்டை ரெட்டையா நிக்கும். ரெண்டாவது, இப்ப ஓடற ரூல்செட்டை ஒரு ஃபைல்ல எடுத்து வெச்சுட்டு, அது தலையிலயும் ஃப்ளஷ் லைன் சேர்த்துட்டு, ரெண்டு நிமிஷம் தூங்கிட்டு அதைத் திருப்பி ஏத்துன்னு ஒரு கமாண்டை டிமக்ஸ் உள்ள ஓட விட்டுட்டு புதுசை ஏத்துங்க. நீங்க பெட்டிக்குள்ள நுழைஞ்சிருக்கற எஸ்எஸ்எச் அறுபடாம இருந்தா அந்த கமாண்டை கொல்லுங்க, அறுந்து போனா ரெண்டு நிமிஷத்துல தானா திரும்பிடும். டிமக்ஸ்ல விடச் சொல்றது ஏன்னா எஸ்எஸ்எச் அறுந்தா அதுல ஓடற கமாண்டும் சேர்ந்து சாகலாம்.

திண்ணை_ரவுட்டர்:

நடுவுல வர்றேன் மன்னிக்கவும். இதையெல்லாம் கையால எழுதறதுக்கு பதிலா ரவுட்டருக்குன்னே இருக்கற ஓப்பன்டபிள்யூஆர்டி லினக்ஸ் போட்டா இதே யோசனைதான் ஜோன்னு ரெடியா இருக்கே. லேன் ஒரு ஜோன், வான் (வெளி லைன்) ஒரு ஜோன், கேமராவுக்கு ஒரு ஜோன் சேர்த்து எதுல இருந்து எதுக்குன்னு டிக் அடிச்சா முடிஞ்சுது. 22.03ல இருந்து அதுவும் உள்ள என்எஃப்டேபிள்ஸ்தான். நிலா சொன்ன டிஎச்சிபிவி6, ஐசிஎம்பிவி6 ரூல் எல்லாம் அதுல டிஃபால்ட்டாவே இருக்கும். வீட்ல வேற யாராவது எடுத்துப் பார்க்கணும்னா ஸ்கிரீன்ல தெரியறது நல்லது.

நிலா_சர்வர்ரூம்:

திண்ணை சொல்றது நியாயம், புதுசா ஆரம்பிக்கறவங்களுக்கு நானும் அதைத்தான் சொல்வேன். காவேரிக்கரை டெபியன்ல பழகிட்டார், 16 லைன் ஒரு ஸ்கிரீன்ல அடங்கிடும்னுதான் இப்படி சொன்னேன்.

காவேரிக்கரை:

நாலு நாள் கழிச்சு வர்றேன், ஒரு முக்கியமான விஷயம் சொல்லணும். அன்னைக்கே 16 லைன் எழுதி ஏத்திட்டேன், எல்லாம் அருமையா ஓடுச்சு. நேத்து சாயங்காலம் மழைக்கு கரண்ட் போய் வந்துச்சு. வந்த பிறகு டிவில ஒண்ணும் ஓடல, ஆனா என் போன்ல யூடியூப் வருது, சில சைட் வருது சிலது வரல. கம்பெனிக்காரங்க லைன்தான்னு நினைச்சு போன் போடப் போனேன், அதுக்கு முன்னாடி என்எஃப்டி லிஸ்ட் ரூல்செட் கொடுத்துப் பார்த்தா வெறுமையா இருக்கு. ஒரு ரூல்கூட இல்ல. மாஸ்கரேட் இல்லாததால ஐபிவி4 மட்டும் செத்திருக்கு, ஐபிவி6 ஓடிட்டு இருக்கு, அதுவும் முழுசா திறந்து. மொபைல் டேட்டால இருந்து லேப்டாப் அட்ரஸுக்கு, எந்த போர்ட் திறந்திருக்குன்னு காட்டற என்மேப் விட்டுப் பார்த்தேன், ஷேர் ஃபோல்டர் போர்ட் 445 ஓப்பன்னு காட்டுது. கை நடுங்கிடுச்சு. உடனே கையால ஏத்திட்டேன். லாக்ல பிபிபி0 இன்டர்ஃபேஸ் இல்லன்னு எரர் இருக்கு.

நிலா_சர்வர்ரூம்:

இது என் தப்பு, சொல்லியிருக்கணும். ரூல்ல ஐஐஎஃப்னு எழுதியிருப்பீங்க, அது ஏத்தற நேரத்துல இன்டர்ஃபேஸோட நம்பரைத் தேடி எடுத்து வெச்சுக்கும். பூட் ஆகறப்ப பிபிபிஓஇ இன்னும் டயல் ஆகல, பிபிபி0ங்கற ஆளே இல்ல, ஃபைல் மொத்தமா ஏறாது. ஐஐஎஃப்நேம்னு மாத்துங்க, வெளில போற பக்கம் ஓஐஎஃப்நேம். அது பேரை மட்டும் ஒப்பிட்டுப் பார்க்கும், இன்டர்ஃபேஸ் அப்புறமா வந்தாலும், லைன் அறுந்து மறுபடி டயல் ஆனாலும் சரியா இருக்கும். வயர்கார்டுக்கும் அதே. லோவுக்கு மட்டும் ஐஐஎஃப் இருக்கலாம், அது எப்பவும் இருக்கும்.

இன்னொரு பூட்டும் போட்டுக்கோங்க. இப்ப பாக்கெட்டைக் கடத்தி விடற ஃபார்வர்டிங்கை சிஸ்கன்ட்ரோல்ங்கற கெர்னல் செட்டிங் ஃபைல்ல ஆன் பண்ணி வெச்சிருப்பீங்க, ரூல் ஏறினாலும் ஏறாட்டியும் அது ஆன் ஆயிடுது, நேத்து திறந்து கிடந்ததுக்கு அதான் காரணம். அங்க இருந்து எடுத்துட்டு, என்எஃப்டேபிள்ஸ் சர்வீஸ்ல எக்ஸெக்ஸ்டார்ட்போஸ்ட்ங்கற லைன்ல ஃபார்வர்டிங்கை ஆன் பண்ற கமாண்டை வைங்க. ரூல் சரியா ஏறினாத்தான் அது ஓடும். ஏறலன்னா நெட் மொத்தமா வராது, வீட்ல எல்லாரும் கத்துவாங்க, உங்களுக்கு உடனே தெரியும்.

காவேரிக்கரை:

ரெண்டும் பண்ணிட்டேன் அக்கா. மூணு தடவை ரீபூட் பண்ணி, ஒரு தடவை பிளக்கையே புடுங்கிப் போட்டும் பார்த்தேன், ஒவ்வொரு தடவையும் 16 ரூலும் இருக்கு. வேணும்னே ஃபைல்ல ஒரு எழுத்து தப்பா வெச்சு ரீபூட் பண்ணேன், நீங்க சொன்ன மாதிரியே நெட் வரல. மொபைல் டேட்டால இருந்து மறுபடி என்மேப் விட்டேன், லேப்டாப் பிரிண்டர் டிவி எதுலயும் ஒரு போர்ட்டும் தெரியல. பிங் மட்டும் பதில் வருது, அது வரட்டும்.

கேமராவுக்கு வயர்கார்டு போட்டாச்சு. ஐபிவி4ல வர முடியாததால போன்ல இருந்து ஐபிவி6லயே வீட்டு கேட்வேக்கு வருது, என் சிம்ல ஐபிவி6 இருக்கறதால பிரச்சனை இல்ல, அட்ரஸ் மாறினா டிஎன்எஸ் பேரை மாத்தற ஒரு சின்ன ஸ்கிரிப்ட்டும் வெச்சுட்டேன். பஸ் ஸ்டாண்டுல நின்னு வாசல் கேமராவை பார்த்தேன், மாமியார் கோலம் போட்டுட்டு இருந்தாங்க.

ஒரே ஒரு சந்தேகம், கேமரா நாலுலயும் டைம் கொஞ்சம் கொஞ்சமா பின்னாடி போகுது. 123 திறந்துதான் இருக்கு.

பாக்கெட்_பாண்டி:

கேமரா உங்க கேட்வேகிட்ட டைம் கேட்காது தம்பி, கம்பெனி சர்வர் பேரை உள்ளயே எழுதி வெச்சிருப்பான், அங்க போக முடியாம தவிக்குது. ஒவ்வொரு கேமரா செட்டிங்லயும் என்டிபி (டைம்) சர்வர்னு இருக்கற இடத்துல கேட்வேயோட விலேன் 20 ஐபியை எழுதுங்க. கேட்வேல டைம் கொடுக்கற க்ரோனி ஓடணும், அதுல அந்த சப்நெட்டுக்கு அலவ் லைன் ஒண்ணு சேர்க்கணும், அது இல்லன்னா க்ரோனி வெளியாளுக்கு பதில் சொல்லாது.

காவேரிக்கரை:

அலவ் லைன்தான் இல்ல. சேர்த்துட்டேன், நாலும் இப்ப ஒரே டைம் காட்டுது. ரூல் இன்னும் 16தான்.